கிளிக்கூண்டில் ஜவ்வரிசி

வண்டியிலிருந்து விழவில்லை தம்பி. மாடும் முட்டவில்லை. நாற்பது வருஷமாக மாட்டோடு நிற்கிறவன் நான். முட்டுகிற மாடு எது, சும்மா முறைக்கிற மாடு எது என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவேன். இந்த ரெண்டு முழங்கையும் வேட்டிக்குள்ளே ரெண்டு முழங்காலும் தோல் உரிந்து கிடப்பது தவழ்ந்ததால். ஆமாம், தவழ்ந்ததால். ஐம்பத்தாறு வயசில், சொந்த வீட்டில், சிமெண்டுத் தரையில், மூன்று நாள் தவழ்ந்தேன். சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள், சத்தமில்லாமல் சிரியுங்கள். முன்னால் லேடீஸ் சீட்டில் மஞ்சள் சேலை கட்டி உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் என் வீட்டுக்காரி பாப்பாத்தி. திரும்பிப் பார்த்தாளென்றால் நான் எந்தக் கதையை எடுத்துவிட்டேன் என்று மூஞ்சியை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.

என் பேர் நாச்சிமுத்து. அந்தியூர்ப் பக்கம் மாட்டுத் தரகு. பதினொரு வயசில் சந்தையில் மாட்டுக்கயிறு பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தேன். அடி வாங்கியிருக்கிறேன், ஏமாந்திருக்கிறேன், மலட்டு மாட்டைச் சினை என்று நம்பி வாங்கி அழுதிருக்கிறேன். இன்றைக்கு என்னை ஏமாற்ற ஒருத்தன் புதிதாகப் பிறந்து வரவேண்டும். எனக்குக் கோபம் அதிகம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பொய். எனக்குக் கோபமே வராது. எதிராளி முட்டாளாக இருந்தால் குரல் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். எதிராளி பெரும்பாலும் முட்டாளாகவே வந்து அமைகிறான். அதற்கு நான் என்ன செய்வது?

எனக்கு ஒரே மகள், மைதிலி. கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால், கூட வேலை பார்க்கிற ஒரு பையனைக் கட்டிக்கொண்டாள். எட்வின் என்று பேர். தூத்துக்குடிக்காரன். என்னிடம் கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். அது அவளுக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. அன்றைக்கு என் குரல் கொஞ்சம் ஏறியது. "இனிமே இந்த வாசப்படியை நீ மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான். சந்தையில் என் வாய்ச்சொல்லுக்கு இருக்கிற மதிப்பு வேறு யாருக்கும் கிடையாது. அன்றோடு அவளோடு பேச்சும் இல்லை.

பாப்பாத்தியும் என் பக்கம்தான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மகளுக்கு நல்ல புத்தி வரவேண்டும் என்று மாசாமாசம் கிருத்திகைக்குச் சென்னிமலைக்குப் போய்வருவாள். விடிகாலை பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவாள். வரும்போது பிரசாதம் என்று மிக்சர் பொட்டலம் கொண்டுவருவாள். கோயமுத்தூர்க் கடைப் பேர் போட்டிருக்கும். நாலாபக்கமும் இருந்து பக்தர்கள் வாங்கிக்கொண்டு வந்து கோயிலில் கொடுக்கிறார்கள் போல. நல்ல மிக்சர்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாசம் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டு நிற்கிறேன், கேட்டுக்கு வெளியே கார் வந்து நிற்கிறது. மைதிலி இறங்குகிறாள். கையில் ஒரு கூடு. கேட்டைத் தாண்டவில்லை. என் மகளல்லவா, சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கத் தெரியும். அங்கேயே நின்று, "அம்மா, அவங்க தங்கச்சி கல்யாணம், தூத்துக்குடி போறோம், பத்து நாள் ஆகும். இதை யாருகிட்டயும் நம்பி விட மனசு வரலை. இங்க விட்டுட்டுப் போகட்டுமா?" என்றாள். அம்மாவிடம் கேட்கிறாள், கண் என்னைப் பார்க்கிறது.

கூட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். எலி.

வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னேன், "கோயமுத்தூர்ல எலி கெடைக்குதுன்னு இங்க கொண்டாந்து விடறாங்களா? நம்மூட்ல இல்லாத எலியா?"

"எலி இல்லைன்னு சொல்லும்மா. ஹாம்ஸ்டர். பேரு ஜவ்வரிசி."

ஜவ்வரிசி! உயிருள்ள ஜீவனுக்கு வைக்கிற பேரா அது? ஆனால் பொய் சொல்லக் கூடாது, வெள்ளைவெளேரென்று உருண்டையாக அப்படித்தான் இருந்தது. உள்ளங்கையில் பாதி. வால் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முளை.

என் சொல் எனக்கு முக்கியம். அந்த வீட்டுச் சம்பந்தம் இந்த வாசப்படிக்கு வேண்டாம் என்று வாய் திறந்தேன். அதற்குள் பாப்பாத்தி, "ஏனுங், நீங்க மிதிக்கக் கூடாதுன்னது உங்க மகளைத்தானுங்களே. இதை ஒண்ணும் சொல்லலியே" என்றாள். யோசித்தேன். நியாயம்தான். எலிக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"செரி, நீ போயி உள்ள எடுத்துட்டு வா" என்றேன். "கூடு வேண்டாம். எலி மட்டும்."

உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு தம்பி. மாட்டை விற்றால் மாடு மட்டும்தான் கைமாறும். கயிறு மாறாது. வாங்குகிறவன் புதுக்கயிறு கொண்டுவந்து கட்டி ஓட்டிக்கொண்டு போகவேண்டும். பழைய கயிற்றை விட்டால் அந்த வீட்டு லட்சுமியும் கயிற்றோடு கிளம்பிவிடுவாள் என்பது நம்பிக்கை. மாட்டுக்குக் கயிறு, எலிக்குக் கூடு, எல்லாம் ஒன்றுதானே? அவள் வீட்டுக் கூடு என் வீட்டுக்கு வந்தால் அவள் வீட்டுக்கு அல்லவா குறை? வாடகை வீட்டில் இருக்கிறவர்கள். அதற்காக எனக்கு அவர்கள் மேல் அக்கறை என்று நினைக்காதீர்கள். தொழில் முறை.

"அந்தக் கூடு இல்லாம அதுக்கு முடியாதும்மா, கம்பி எல்லாம்..." என்று அவள் ஏதோ சொல்ல வந்தாள். என் குரல் ஏறியது. கூட்டை எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். என்ன சொல்ல வந்தாள் என்று கேட்டிருக்கலாம். அவள்தான் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கவேண்டும்.

அன்றைக்கு அதைத் தூக்குப்போசியில் போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை குத்தி வைத்தோம். நான் சுழி பார்த்தேன். எந்த ஜீவன் வீட்டுக்கு வந்தாலும் சுழி பார்க்காமல் கட்டமாட்டேன். முதுகில் நல்ல இடத்தில் ஒரு சுழி. தேவலை. பல்லைப் பிடித்து வயசு பார்க்கலாம் என்றால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. பாப்பாத்தி கை நீட்டினாள், தாவி ஏறி உட்கார்ந்துகொண்டது. முன்னேபின்னே பழகினது மாதிரி! "வெள்ளரிக்கா விதைன்னா உசுரு" என்கிறாள். எப்படித் தெரியும் என்று கேட்டால், "மூஞ்சியைப் பாத்தாத் தெரியாதுங்களா" என்கிறாள். மாடு வளர்த்த கை. எந்தப் பிராணியும் மயங்கும்.

மறுநாள் சந்தை. கூண்டுக்காரர் ரங்கண்ணனிடம் போனேன். "எதுக்குங்ணா கூண்டு? கிளிங்களா?" என்றார். நான் வாயே திறக்கவில்லை. வாங்குகிறவன் தன் தேவையை வெளியே சொன்னால் விலை ஏறிவிடும். இது நான் அடிபட்டுக் கற்ற பாடம். சும்மா ரெண்டு கூண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்று கம்பி நெருக்கமாக. இன்னொன்று கம்பி தள்ளித்தள்ளி.

"இதுல கம்பி கம்மியா இருக்குதே, விலையும் கம்மியா இருக்கோணுமா இல்லையா?" என்று பிடித்தேன்.

"அண்ணா, கம்பிக் கணக்குல யாரும் கூண்டு விக்கறதில்லீங்ணா."

"அப்பறம் எந்தக் கணக்குல விக்கறே? உள்ள இருக்கற காத்துக் கணக்குலயா?"

அரை மணி நேரம். கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் அவர் சொன்ன விலையில் பாதிக்கு அந்தக் கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சந்தையே பார்த்தது. வீட்டுக்கு வந்து ஜவ்வரிசியை உள்ளே விட்டு, கதவுக்குக் கொக்கி போட்டு, கொக்கிக்குக் கம்பி சுற்றி, கம்பிக்கு ஒரு பூட்டும் போட்டேன்.

காலையில் எழுந்து பார்க்கிறேன். பூட்டு இருக்கிறது, கம்பி இருக்கிறது, கொக்கி இருக்கிறது. எலி இல்லை.

கூண்டுக் கம்பிக்கு நடுவில் என் கட்டைவிரல் தாராளமாகப் போகிறது தம்பி. அது நடந்தே போயிருக்கும். குனியக்கூட வேண்டியிருந்திருக்காது.

ஆரம்பித்தது பாருங்கள் தேடல். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியாயிற்று. பக்கத்து வீட்டுப் பூனை ஒன்று தினம் எங்கள் சமையல்கட்டுக்கு வந்துபோகும், அதை விரட்டக் கம்போடு பாப்பாத்தி கொல்லைக் கதவில் நின்றாள். நான் கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், ஃபிரிட்ஜுக்குக் கீழே. டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு தவழ்கிறேன். "ஜவ்வரிசி, ஜவ்வரிசி" என்று கூப்பிடுகிறேன். நான், நாச்சிமுத்து! என் பேரைச் சொன்னால் ஒதுங்கி வழிவிடுகிற காளைகள் உண்டு. அரைக் கை அகலப் பிராணிக்கு நான் குப்புறப் படுத்துக்கொண்டு கெஞ்சுகிறேன்.

அட்டாலியில் இருந்த அண்டா குண்டா எல்லாம் கீழே வந்தது. காணாமல் போயிருந்த ரெண்டு கரண்டி, பாப்பாத்தியின் ஒற்றைக் கம்மல், நான் தொலைத்துவிட்டு அடுத்தவனைச் சந்தேகப்பட்ட ஒரு கைக்கடிகாரம், எல்லாம் கிடைத்தது. எலி கிடைக்கவில்லை.

மறுநாள் கூண்டைத் தூக்கிக்கொண்டு ரங்கண்ணனிடம் போனேன். "ஏய்யா, எலி நழுவற கூண்டை எந்தலையில கட்டிப்போட்டயே, நீ நல்லா இருப்பியா?"

அவர் நிதானமாகக் கேட்டார், "எலிக்குன்னு நீங்க ஏனுங்ணா சொல்லலே?"

"சொன்னா நீ விலை ஏத்தியிருப்பே!"

"அண்ணா, எலிக்கூண்டு இதைவிட விலை கம்மிங்ணா."

அந்த இடத்தில் நான் மேற்கொண்டு பேசவில்லை. பேசத் தெரியாமல் இல்லை. வெயில் அதிகமாக இருந்தது.

இதற்கு நடுவில் பாப்பாத்தி போனுக்கு மகளிடமிருந்து சேதி மேல் சேதி. 'ஜவ்வரிசி சாப்பிட்டானா? ஒரு போட்டோ அனுப்பும்மா.' முதல்நாள் போசியில் இருக்கும்போது எடுத்த போட்டோ ஒன்று இருந்தது. அதை அனுப்பினாள். மறுநாளும் கேட்டாள். பாப்பாத்தி அதையே சாய்த்து அனுப்பினாள். மூன்றாம் நாள், 'ஏம்மா ஒரே மாதிரி உக்காந்திருக்கான், உடம்பு சரியில்லையா?' என்று கேட்டுவிட்டாள்.

பாப்பாத்தி சொன்னாள், "ஏனுங், ஈரோட்டுல இதே மாதிரி விக்கறாங்களாமா. ஒண்ணு வாங்கியாந்து வெச்சர்லாம். வெள்ளைதானுங்க, யாருக்குத் தெரியப்போவுது?"

என் குரல் ஏறியது தம்பி, இந்தத் தடவை நிஜமாகவே ஏறியது. "ஏம்புள்ள, கொம்பைச் சீவி வயசு மறைக்கறவன், சாயம் பூசி விக்கறவன், எத்தனை பேரைச் சந்தையில நான் செவுள்ளயே அறைஞ்சிருக்கேன். எம் மககிட்டயே நான் மாட்டை மாத்திக் கட்டறதா?"

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எலி போனால் போகட்டும், எலிக்கு என்ன, ஊரெல்லாம் எலி. ரெண்டு வருஷம் கழித்து அவளாக வாசலுக்கு வந்து, யாரையும் நம்பி விட மனசு வரவில்லை என்று சொல்லி ஒன்றை விட்டுவிட்டுப் போனாள். அதையும் தொலைத்துவிட்டால் அப்புறம் அவள் எதை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வருவாள்? நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் காலையில் ஒரு முடிவுக்கு வந்தேன். மகளோடு பேசமாட்டேன், அது என் சொல். ஆனால் அவளைக் கட்டினவனிடம் பேசமாட்டேன் என்று நான் சொன்னதே இல்லை. அவனிடம் பேசியதே இல்லையே, அப்புறம் எப்படிச் சொல்வது? "அந்தாள் நம்பர் யாருகிட்டயாச்சும் கேட்டு வாங்கு" என்றேன். பாப்பாத்தி பத்து எண்ணையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். இப்போதுதான் ஒரு சேதியில் பார்த்தாளாம். ஒரு தடவை பார்த்தால் போதும், அப்படி ஒரு ஞாபகசக்தி அவளுக்கு.

போட்டேன். எடுத்தான். நான் நடந்ததை அமைதியாக எடுத்துச் சொன்னேன்.

"ஏய்யா, எலி வளக்கறவன் அதுக்கு ஒரு ஒழுக்கம் சொல்லிக் குடுத்து வளக்கமாட்டியா? வந்த எடத்துல அடக்கமா இருக்கத் தெரியாதா அதுக்கு? கம்பிக்குள்ள பூந்து போயிருக்குது! மூணு நாளா எங்கூட்ல நான் நாலு காலுல நடந்துட்டிருக்கறேன்!"

நான் சொல்லி முடிக்கும்வரைக்கும் கேட்டான். அப்புறம், "சார், காலு ரொம்ப வலிக்கா?" என்றான்.

நான் எதற்கெல்லாமோ தயாராக இருந்தேன். இதற்கு இல்லை.

"மைதிலிக்குச் சொல்லல சார். அழுவா. நான் ராத்திரி பஸ்ஸைப் பிடிச்சு வாரேன். நீங்க ஒண்ணும் தூக்காதீங்க, நவுத்தாதீங்க. சாயங்காலம் தரையெல்லாம் பச்சரிசி மாவ லேசாத் தூவிருங்க. நடந்தா காலடி தெரியும்லா?"

தங்கச்சி கல்யாணம் முடிந்து நாலு நாள்கூட ஆகவில்லை. உறவுக்காரர் எல்லாம் வீட்டில். அதை விட்டுவிட்டு ஒரு எலிக்காக வருகிறானே, இவனுக்குப் பொறுப்பு இருக்கிறதா இல்லையா என்று நான் பாப்பாத்தியிடம் திட்டிக்கொண்டே மாவைத் தூவினேன். ரெண்டு படி மாவு. வீடு முழுக்க வெள்ளை.

காலையில் வந்தான். உயரமாக, ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு. வாசப்படியில் நின்று, "உள்ள வரலாமா சார்?" என்று கேட்டான். நான் தடுத்தது மகளை. இவனை நான் எதுவும் சொன்னதில்லை. சட்டப்படி வரலாம். "வா" என்றேன்.

காப்பி வேண்டாம் என்றான். செருப்பைக் கழற்றினான், சட்டைக் கையை மடக்கினான், நேராகத் தரையில் குப்புறப் படுத்துக் கன்னத்தை மாவில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். நாலு தலைமுறையாக எங்கள் வீட்டுக்கு வந்த ஒறம்பரை, விருந்தாளி யாரும் அப்படி மரியாதை செய்ததில்லை.

"சார், பாருங்க."

நானும் படுத்தேன். மாவில் பொடிப்பொடியாகக் காலடி. சமையல்கட்டிலிருந்து கூடம், கூடத்திலிருந்து சுவரோரமாக, பூஜை அலமாரியைச் சுற்றி ஒரு தடவை வலம் வந்து, நேராகத் தீவன அறைக்கு. அங்கே புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை என்று பதினாறு மூட்டை அடுக்கியிருந்தது.

"அங்கதான் கெடக்குது கழுதை!" என்று எழுந்து மேல் மூட்டையைப் பிடித்து இழுக்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டான்.

"மூட்டை சரிஞ்சா நசுங்கிரும் சார். கொஞ்சம் சத்தம் போடாம இருங்க."

என்னைச் சத்தம் போடாதே என்று சொன்னவன் இதுவரைக்கும் எவனும் இல்லை. அதைச் சத்தமாகச் சொல்லவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அவன் மூட்டையில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். மூடிவிட்டேன்.

ஒரு மணி நேரம் தம்பி. அவன் இந்தக் கோடியிலிருந்து, நான் அந்தக் கோடியிலிருந்து. ஒவ்வொரு மூட்டையாகக் காதை வைத்து. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் நான் விழித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான் என்று பாப்பாத்தி சொல்கிறாள். காப்பி கொண்டுவந்தவள் பயந்து போய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

எனக்குத்தான் கேட்டது. சும்மாவா? இருட்டில் மாடு அசைபோடுகிற சத்தத்தை வைத்தே அதற்குக் காய்ச்சலா இல்லையா என்று சொல்கிற காது இது. பருத்திக்கொட்டை மூட்டை, கீழ்வரிசை, மூலையில் ஒரு கிழிசல். உள்ளே கறுக் கறுக் என்று ஒரு கடி. கை காட்டினேன். அவன் தவழ்ந்து வந்தான். நான் மெதுவாகக் கிழிசலில் கையை விட்டேன். பஞ்சும் கொட்டையுமாக ஒரு மெத்தை. நடுவில் சூடாக ஒன்று.

கடித்தது.

இந்த விரல்தான், கட்டு இருக்கிறதே. பல் எலும்பு வரைக்கும் போயிற்று. நான் கத்தவில்லை. கத்தினால் ஓடிவிடும். அப்படியே இருந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வலிதான், வேறொன்றும் இல்லை. அவன் இன்னொரு பக்கமிருந்து ரெண்டு கையையும் குவித்து எடுத்தான். கன்னம் ரெண்டிலும் கொட்டையை அடைத்துக்கொண்டு மூஞ்சியே மூன்று மடங்கு. வயிறு தரையைத் தொடுகிறது. நாலு நாளில் அப்படித் தேறிய ஜீவனை நான் பார்த்ததே இல்லை.

"சார், டயட்ல இருந்தான்" என்றான் எட்வின்.

"என் வீட்டுக்கு வந்த எந்த ஜீவனும் டயட்ல இருக்காது" என்றேன்.

அப்புறம்தான் தகராறு. அவன் அட்டைப்பெட்டியைக் கேட்டான், இப்போதே எடுத்துக்கொண்டு போகிறானாம். எனக்கு வந்ததே கோபம், அதாவது குரல். "பத்து நாளைக்குன்னு விட்டது. ஆறு நாள்தான் ஆச்சு. மீதி நாலு நாளை யாரு குடுப்பா? பேச்சுன்னா பேச்சு!"

"சரி சார், இருக்கட்டும். ஆனா மைதிலி வந்து எடுக்க முடியாதுலா? அவ வாசப்படி ஏறக் கூடாதே. நீங்கதான் கோயமுத்தூருக்குக் கொண்டுவரணும்."

நியாயம். அவள் ஏறக்கூடாது. அவள் வீட்டு வாசப்படியைப் பற்றி நான் எதுவும் சொன்னதில்லை. "வர்றேன்" என்றேன்.

"எத்தனை நாளைக்கு சார்?"

இதை வாயால் பேச முடியாது பாருங்கள், பாப்பாத்தி பக்கத்தில் நிற்கிறாள். தோளில் இருந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டு நீட்டினேன். சந்தையில் நாங்கள் விலையை வெளியே சொல்வதில்லை. துண்டுக்குள் கையைக் கொடுத்து விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். எத்தனை விரலோ அத்தனை. அவனுக்கு எப்படித் தெரிந்ததோ, உடனே கையை உள்ளே விட்டான். மைதிலி சொல்லியிருப்பாள். சின்ன வயசில் என்னோடு சந்தைக்கு வருவாள்.

ஒரு விரலைப் பிடித்தான்.

ஒரு நாள்! "என்னை என்ன கொரியர்க்காரன்னு நெனைச்சயா, கூண்டைக் குடுத்து கையெழுத்து வாங்கிட்டுத் திரும்பறதுக்கு?" கையை உதறினேன். அவன் யோசித்து ரெண்டு விரல் பிடித்தான். நான் நாலைப் பிடித்தேன். "சார், வீடு சின்னது சார்" என்று முனகிக்கொண்டே மூன்றுக்கு வந்தான். நான் விடுவேனா? ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து ஒரு நசுக்கு நசுக்கினேன். அவன் மூஞ்சி சுருங்கிவிட்டது. அவன் பிடிக்கும்போதெல்லாம் கடிபட்ட விரலைத் தொடாமல் சுற்றி வந்து பிடித்தான், அதைச் சொல்லவேண்டும். ஆனால் தொழிலில் இரக்கம் பார்க்கக் கூடாது. ஐந்துக்கு மேலே மூன்று வைத்தேன். எட்டு. எட்டு நாள், ஒரு நாள் குறையாமல்.

தோற்றுப்போய்த் தலையைக் குனிந்துகொண்டான். தோள் ரெண்டும் குலுங்கியது. "உங்ககிட்ட ஜெயிக்க முடியாது சார்" என்றான். பாவமாகக்கூட இருந்தது. பாப்பாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுப்புப் புகையாம். கேஸ் அடுப்பில் எங்கிருந்து புகை வந்ததோ.

ஒன்றிலிருந்து எட்டு தம்பி! நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு பேரம் நான் முடித்ததில்லை. அதுதான் இப்போது போய்க்கொண்டிருக்கிறோம். முன்னால் பாப்பாத்தி மடியில் கூடை இருக்கிறதே, அதற்குள் ஜவ்வரிசி. எட்டாம் நாள் இன்னொரு பேரம் வைத்திருக்கிறேன். அவன் தாங்கமாட்டான்.

ஒரே ஒரு விஷயம்தான் தம்பி. நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். பேசமாட்டேன் என்ற சொல் என் வாசப்படிக்குத்தான், அவள் ஊருக்கு இல்லை. மகளிடம் முதலில் என்ன பேசுவது? ரெண்டு வருஷம் ஆயிற்று. நேற்றிலிருந்து யோசிக்கிறேன். மாட்டுக்காரனிடம் என்றால் வாய் தானாக வரும். நல்லா இருக்கியா என்று கேட்கலாமா? அது ஒறம்பரையிடம் கேட்பது. சாப்பிட்டியா? போன உடனேயா? கையில் எலியைக் கொடுத்துவிட்டு சும்மா இருந்துவிடலாமா? அதுவும் அழகாக இல்லை. நாம்தானே பெரியவர்கள், நாம்தான் நிதானமாக, ஒரு நல்ல வார்த்தையாக, அவள் மனசில் நிற்கிற மாதிரி ஒன்று...

இது ஹோப் காலேஜ் ஸ்டாப்தானே? இங்கேதான் இறங்கவேண்டும். அதோ, அதோ நிற்கிறாள் பாருங்கள், பச்சைச் சுடிதார். பக்கத்தில் அவன். நிழற்குடை இருக்கிறது, அதற்குள் நிற்காமல் நடு வெயிலில்...

ஏம்மிணி! உச்சி வெயில்ல எதுக்குடி நிக்கறே? கண்ணு தெரியலையா, அந்த நெழல்ல நின்னா என்ன? தலைவலி வந்தா யாரு பாக்கறது, நானா?

என்ன சொல்கிறாள்? ஹாரன் சத்தத்தில் கேட்கவில்லை. என்ன? 'மொதல்ல நீங்க எறங்குங்கப்பா, பஸ் எடுக்கறான், வாயை அப்பறம் வெச்சுக்கலாம்' என்கிறாளா?

கேட்டீர்களா தம்பி? திட்டுகிறாள்! எல்லோருக்கும் கேட்கிற மாதிரி திட்டுகிறாள்!

யோவ் கண்டக்டர், நிறுத்துய்யா! ஏய் பாப்பாத்தி, எறங்கு, எறங்கு! தம்பி, அந்தக் காலைக் கொஞ்சம் மடக்குங்கள், நான் போகவேண்டும்.